மும்பை ஹைகோர்ட்டும் இரண்டு சாவியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, 2004-ல் மும்பைக்கு வண்டி ஏறியவன். கோர்ட்டோடு எனக்கு இருக்கிற உறவெல்லாம், கடன் வசூல் வழக்குகளுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் கால் மாற்றி நின்றது மட்டும்தான். மற்றதெல்லாம் ஆர்வத்தில் படித்தது. தப்பு இருந்தால் வக்கீல் நண்பர்கள் காதைத் திருகலாம்.

2025 ஜூலை 21, திங்கட்கிழமை. வங்கியில் திங்கள் என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் ஒருவழியாக டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கும்போது போன் அடித்தது. காக்கூ.

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா, காக்கூ என்றால் சித்தி. ரத்த உறவு ஒன்றும் கிடையாது. எனக்கு முதல் போஸ்டிங் ஃபோர்ட் பக்கம் ஒரு கிளையில். அங்கே ஹெட் கேஷியராக இருந்தவரை மொத்தக் கிளையும் காகா என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி காக்கூ.

"டிவி பார்த்தியா?"

"இல்லையே காக்கூ, என்ன ஆச்சு?"

"எல்லாரையும் விட்டுட்டாங்களாம். பன்னெண்டு பேரையும். அப்ப உங்க காகாவை யாருமே கொல்லலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். டப்பாவையும் மூடி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை 11

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. மும்பையில் அப்போது இருந்த எல்லாருக்கும் அந்தத் தேதிக்கென்று ஒரு கதை இருக்கும். சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போகும் மேற்கு ரயில்வே லோக்கல்களில், சாயங்காலம் ஆறு இருபதுக்கு மேல், பதினோரு நிமிஷத்தில் ஏழு குண்டுகள். மாட்டுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா, கார், ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா ரோடு என்று வழியெல்லாம். எல்லாமே முதல் வகுப்புப் பெட்டிகள். 189 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் 800-க்கு மேல்.

காகாவிடம் முதல் வகுப்பு பாஸ் இருந்தது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. முழங்கால் வலி என்று அந்த வருஷம்தான் முதல் வகுப்புக்கு மாறியிருந்தார். அதற்கு முன்னால் முப்பது வருஷம் எங்களோடு இரண்டாம் வகுப்பில் தொங்கிக்கொண்டு வந்தவர்.

நான் அன்றைக்கு அரைமணி நேரம் பிந்திக் கிளம்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, இரண்டு டிராஃப்டில் கையெழுத்து மிச்சம். சர்ச்கேட் போனால் வண்டி இல்லை. யாருக்கும் போன் போகவில்லை. தாதர் வரைக்கும் நடை. வழி நெடுக முன்பின் தெரியாத ஜனங்கள் வீட்டிலிருந்து தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டு வந்து கொடுத்தார்கள். தாதரில் ஒரு பையன் பைக்கில் ஏற்றிக்கொண்டான். ஊரில் அம்மாவுக்கு நான் உயிரோடு இருக்கிற விஷயம் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. காக்கூவுக்கு விஷயம் தெரிய மறுநாள் மத்தியானம் ஆனது. ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டப் போன மூன்று பேரில் நானும் ஒருவன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அப்புறம் வழக்கு. பயங்கரவாதத் தடுப்புப் படை பதின்மூன்று பேரைப் பிடித்து நிறுத்தியது. மகாராஷ்டிராவின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம், சுருக்கமாக மக்கோக்கா, அதன் கீழ் தனி நீதிமன்றத்தில் விசாரணை. 2015 செப்டம்பரில் தீர்ப்பு. ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். ஒருவர் மட்டும் விடுதலை, அவரும் ஒன்பது வருஷம் உள்ளே இருந்த பிறகு.

அன்றைக்கும் காக்கூ வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் காகா போட்டோவுக்குப் புது மாலை போட்டிருந்தார். "கணக்கு முடிஞ்சது" என்றார். கேஷியர் பெண்டாட்டி இல்லையா, அப்படித்தான் பேசுவார்.

கணக்கு முடியவில்லை. முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டு சாவி

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஸ்ட்ராங் ரூம் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், மற்றது அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் மேல் நம்பிக்கை இல்லாமல் வைத்த ஏற்பாடு இல்லை இது. மனுஷன் என்றால் கை தவறும், கண் தவறும். அதற்காக.

தூக்குத் தண்டனையும் அப்படித்தான். நம் நாட்டில் ஒரு செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதினால் அது பாதிக் கையெழுத்து. தண்டனை பெற்றவர் அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும், கோப்பு தானாக ஹைகோர்ட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே உறுதியானால்தான் கயிறு. ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகளாவது கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 374-ஆம் பிரிவு. 1973-ஆம் வருஷச் சட்டத்தில் 366. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407. நம்பர் மாறிக்கொண்டே இருக்கிறது, சாவி மட்டும் இரண்டுதான்.

கோப்பு மேலே போனால் ஹைகோர்ட் வெறுமனே "சரி" போடுகிற இடம் இல்லை. சாட்சியத்தை முதலிலிருந்து படிக்கலாம். தண்டனையைக் குறைக்கலாம். மறுவிசாரணைக்கு அனுப்பலாம். மொத்தமாக விடுதலையும் செய்யலாம்.

ஆனால் அப்பீல் என்பது எல்லாருக்கும் எப்போதும் இருந்த உரிமை இல்லை. இது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த விதம் கொஞ்சம் வேடிக்கை.

ஒரே மாதம், இரண்டு பேர்

ஒருமுறை வங்கி வழக்குக்காக ஃபைலோடு மும்பை ஹைகோர்ட் போயிருந்தேன். 1862-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் ஹைகோர்ட் வந்தது. இப்போது இருக்கிற இந்தக் கருங்கல் கட்டடம் 1878-ல் கட்டி முடித்தது. எங்கள் வழக்கு கூப்பிட நேரம் இருந்ததால் மாடியில் சுற்றினேன். ஒரு கோர்ட் ஹாலுக்கு வெளியே சலவைக்கல் பலகை. 1908-ல் திலகரை விசாரித்த இடம். சுதந்திரத்துக்கு அப்புறம், 1956-ல், தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா திறந்து வைத்தது.

1908 ஜூலை 22 என்று தேதியைப் படித்தவுடன் எனக்குள் திருநெல்வேலிக்காரன் முழித்துக்கொண்டான். ஏனென்றால் அதே ஜூலை மாதம் 7-ஆம் தேதிதான் எங்கள் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்குத் தீர்ப்பு சொன்னார். பேசியதற்கு ஒரு ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை போனதற்கு இன்னொரு ஆயுள். ஒன்று முடிந்து ஒன்று. மொத்தம் நாற்பது வருஷம் நாடு கடத்தல். பதினைந்து நாள் கழித்து பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம். ஜூரியில் ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். தீர்ப்பு சொன்ன நீதிபதி தாவர், 1897 வழக்கில் திலகருக்காக வாதாடிய வக்கீல். பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கில் ஆறு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

இருவர் மேலும் ஒரே பிரிவு, ராஜதுரோகம், 124ஏ. இதற்கு அப்புறம் நடந்ததுதான் விஷயம்.

வ.உ.சி. அப்பீல் போனார். சென்னை ஹைகோர்ட் குற்றவாளி என்பதை மாற்றவில்லை, ஆனால் நாற்பது வருஷத்தை ஆறாகக் குறைத்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அந்த அப்பீல் இல்லையென்றால் 1908-லிருந்து நாற்பது வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். 1948. சுதந்திரமே வந்திருக்கும்.

திலகருக்கு அந்த வழி கிடையாது. பம்பாய், சென்னை, கல்கத்தா நகரங்களுக்குள் நடக்கும் பெரிய வழக்குகளை ஹைகோர்ட்டே நேரடியாக ஜூரியோடு விசாரிக்கும். விசாரித்ததே ஹைகோர்ட் என்பதால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போக அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். மாண்டலே போய்விட்டு 1914-ல்தான் திரும்பினார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே சாம்ராஜ்யம், ஒரே சட்டம், ஒரே மாதம். தாமிரபரணிக் கரையில் இருந்தவருக்கு இரண்டாவது சாவி இருந்தது. தலைநகரத்துப் பெரிய கோர்ட்டில் நின்றவருக்கு இல்லை.

இந்த ஓட்டை அடைபட 1943 வரை ஆனது. அந்த வருஷம்தான் நடைமுறைச் சட்டத்தில் 411ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஹைகோர்ட் நேரடியாக விசாரித்த குற்ற வழக்குக்கும் அதே ஹைகோர்ட்டில் வேறு நீதிபதிகளிடம் அப்பீல் என்று வைத்தார்கள். வைத்த கொஞ்ச நாளிலேயே அது யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் ஆயுள் தண்டனை. அப்பீல் முதலில் தள்ளுபடி. அவர்கள் பிரிவி கவுன்சில் வரை போக, அங்கிருந்து "அப்பீலைத் திரும்ப விசாரியுங்கள்" என்று சென்னைக்கே அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. என் தாத்தா கடைசி வரை சொல்லுவார், "பாகவதரைச் சாமிதான் வெளிய கொண்டாந்துது" என்று. சாமியோடு 411ஏ-யும் கொஞ்சம் இருந்தது தாத்தா.

எதிர்ப்பக்கமும் உண்டு

அப்பீல் என்றாலே குற்றவாளி தப்பிக்கிற சந்து என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். நானும் நினைத்தவன்தான். மும்பை ஹைகோர்ட்டின் பேர்போன தீர்ப்பு ஒன்று இதற்கு நேர் எதிர்.

1959 ஏப்ரல் 27. கடற்படை கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தானே போய்ச் சரணடைந்தார். பம்பாயே நானாவதி பக்கம். 'பிளிட்ஸ்' பத்திரிகை அவரைக் கதாநாயகனாகவே எழுதியது. கோர்ட் வாசலில் கூட்டம். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது.

செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்கவில்லை. சாட்சியத்தைப் பார்த்த எந்த நியாயமான ஆளும் இந்த முடிவுக்கு வரமுடியாது என்று ஹைகோர்ட்டுக்கு எழுதி அனுப்பினார். 1960 மார்ச்சில் ஹைகோர்ட் ஜூரி முடிவைத் தள்ளி, கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை என்றது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1964-ல் கவர்னர் மன்னித்து விட்டார், அது வேறு கதை. 1973-ஆம் வருஷச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

ஊர் மொத்தமும் "விட்டுவிடு" என்றபோது, "காகிதம் வேறு சொல்கிறது" என்ற ஹைகோர்ட் அது. 2025-ல் ஊர் மொத்தமும் "தூக்கில் போடு" என்று நினைத்தபோதும் அதே ஹைகோர்ட் அதைத்தான் சொன்னது. எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் தெரிகிறது.

671 பக்கம்

2015-ல் மேலே போன கோப்பு தொடர்ந்து விசாரணைக்கு வர 2024 ஜூலை ஆனது. ஒன்பது வருஷம். அதற்குள் தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் 2021-ல் நாக்பூர் சிறையில் கொரோனாவில் இறந்துவிட்டார். நீதிபதிகள் அனில் கிலோரும் ஷியாம் சாண்டக்கும் 2025 ஜனவரி வரை கேட்டார்கள். ஒரிசா தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ். முரளிதர், சென்னையில் வக்கீலாகத் தொடங்கியவர், ஆயுள் தண்டனை பெற்ற இருவருக்காக வந்து வாதாடினார்.

தீர்ப்பு 671 பக்கம். முழுவதும் படித்தேன் என்று சொன்னால் பொய். ராத்திரிகளில் உட்கார்ந்து முக்கால்வாசி படித்தேன். சாரம் இதுதான். அரசுத் தரப்பு மூன்று தூண் மேல் நின்றது. கண்ணால் பார்த்த சாட்சி, கைப்பற்றிய பொருள், ஒப்புதல் வாக்குமூலம்.

முதல் தூண். குண்டோடு சர்ச்கேட் போனவர்களை ஏற்றிச் சென்றோம் என்ற டாக்சிக்காரர்கள் நூறு நாளுக்கு மேல் வாயே திறக்கவில்லை. நூறு நாள் கழித்து, ஒரு நாள் ஏற்றிய சவாரியின் முகம் ஞாபகம் இருக்கக் காரணம் என்ன? காரணம் எதுவும் காட்டவில்லை என்றது கோர்ட். அடையாள அணிவகுப்பை நடத்திய அதிகாரிக்கு அப்போது அந்த அதிகாரமே இல்லை என்றது.

இரண்டாவது தூண். வெடிமருந்து, டெட்டனேட்டர், சர்க்யூட் போர்டு எல்லாம் கைப்பற்றியதாகக் கணக்கு. கைப்பற்றியதிலிருந்து பரிசோதனைக் கூடம் வரை சீல் ஒழுங்காக இருந்ததா? நிரூபிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலில் வெடித்தது எந்த வகைக் குண்டு என்பதையே அரசுத் தரப்பு நிலைநாட்டவில்லை. அது தெரியாமல், கைப்பற்றிய பொருளுக்கும் வெடித்த குண்டுக்கும் எப்படி முடிச்சுப் போடுவது?

மூன்றாவது தூண்தான் பெரிய தூண். சாதாரணச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 1872-லிருந்து அப்படித்தான், காரணம் நமக்கெல்லாம் தெரியும். மக்கோக்காவில் மட்டும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் செல்லும். அப்படிப் பதிவான வாக்குமூலங்களை ஹைகோர்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு அதிகாரிகள். ஆனால் வரிக்கு வரி ஒரே மாதிரி. ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் பார்த்துவிட்டு, அடித்து வாங்கியது என்ற புகாரை ஒதுக்க முடியாது என்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008-ல் இதே மும்பை போலீசின் குற்றப் பிரிவு வேறு ஒரு குழுவைப் பிடித்தபோது, ரயில் குண்டுகளையும் அந்தக் குழுதான் வைத்தது என்றது. ஒரே ஊர், ஒரே குற்றம், இரண்டு பிரிவு, இரண்டு கதை. எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே வவுச்சரை இரண்டு கணக்கில் பற்று வைத்த மாதிரி.

குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு முற்றிலும் தவறிவிட்டது என்று பன்னிரண்டு பேரையும் விடுவித்தது ஹைகோர்ட். செத்துப்போனவர் உட்பட. மூன்று நாள் கழித்து, ஜூலை 24-ல், மாநில அரசின் அப்பீலில் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பச் சொல்லவில்லை. கடைசிச் சொல் உச்ச நீதிமன்றத்துடையது. அதை நான் முந்திக்கொண்டு சொல்லப் போவதில்லை.

ஒரு பாக்கெட்

வாக்குமூலப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய சாயங்காலம் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை. என் மனைவிக்கே இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரியும்.

2005. நான் புதுசு. ஒரு நாள் கேஷ் முடிக்கும்போது பத்தாயிரம் குறைந்தது. நூறு ரூபாய் நோட்டில் சரியாக ஒரு பாக்கெட். கேபினுக்குள் போய்வந்த ஆள் ஒரு தற்காலிகப் பையன், டீ வாங்கித் தருவது, கட்டுக்குக் கயிறு போடுவது அவன் வேலை. இருபது வயசு இருக்கும், பீகாரிலிருந்து வந்தவன். அவனை ஒரு அறையில் உட்காரவைத்து மேனேஜரும் நானும் கேட்டோம். அடிக்கவில்லை. போலீஸ், ஜெயில், ஊரில் அப்பாவுக்குத் தகவல் என்றோம். முக்கால் மணி நேரத்தில் அவன் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். இந்தியில் வாசகத்தைச் சொன்னது மேனேஜர். பக்கத்தில் நின்று திருத்தினது நான். பெரிய துப்பறிவாளன் மாதிரி எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்தக் காகிதத்தை காகாவிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்தான் சரி. பணம் எங்க?" என்றார்.

"செலவு பண்ணிட்டானாம்."

"மூணு மணி நேரத்திலயா? கதவு தாண்டி வெளிய போகாமலா?"

மேனேஜர் கோபப்பட்டார், எழுதியே கொடுத்துவிட்டான் இன்னும் என்ன என்று. காகா எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கட்டிய கட்டு அத்தனையையும் திரும்பப் பிரித்தால்தான் தன் சாவியைத் தருவேன் என்றார். இரவு ஒன்பது மணிக்கு, பத்து பாக்கெட் இருக்க வேண்டிய ஒரு கட்டில் பதினொன்று இருந்தது. அதைக் கட்டிச் சுற்றியதில் என் கையெழுத்து இருந்தது.

அந்தப் பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் எப்போதும் வரவில்லை. நான் தேடவும் இல்லை. காகா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மட்டும் சொன்னார், "பயந்தவன் எதை வேணும்னாலும் எழுதுவான்டா. பணம்தான் பயப்படாது. அதை எண்ணு."

ஒரு பாக்கெட் நோட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் ஒரு பொய் ஒப்புதல் வாங்க முடிந்தது, இரண்டு பி.காம். படித்தவர்களால், ஒரு அடிகூட அடிக்காமல்.

காக்கூவுக்கு

அன்றைக்குச் சாயங்காலம் காக்கூ வீட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் தீர்ப்பை அப்போது படித்திருக்கவில்லை. அதனால் அந்தப் பதினொன்றாவது பாக்கெட் கதையைத்தான் சொன்னேன். முதல் தடவையாக. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அன்னிக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு வந்தார். சாப்பிடாமப் படுத்தார். அந்தப் பையன் சாப்பிட்டானோ என்னமோன்னார்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அப்ப பத்தொன்பது வருஷமா நான் யாரைத் திட்டிட்டிருந்தேன்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை ஹைகோர்ட் மேல் போடுவது சுலபம். டிவிக்காரர்கள் அன்றைக்கு அதைத்தான் செய்தார்கள். ஆனால் கணக்கு உதைப்பதைக் கண்டுபிடித்த ஆடிட்டர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? உதைத்தது ஜூலை 21-ல் இல்லை. 2006-ல், சீல் வைக்காத பையில், நூறு நாள் பேசாத சாட்சியில், ஒரே மாதிரி எழுதிய காகிதத்தில் உதைத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் நாளைக்கு என்ன சொன்னாலும், அந்த வேலையை அன்றைக்கே ஒழுங்காகச் செய்திருந்தால் காக்கூ இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ஒழுங்காகச் செய்ய வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவருக்காக மட்டும் இல்லை, 189 பேருக்காகவும்தான். ஆள் மாறி உள்ளே இருந்தால், செய்தவன் அத்தனை வருஷமும் வெளியே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

தூக்கு நிறைவேறிய பிறகு இந்த 671 பக்கமும் எழுதப்பட்டிருந்தால்? அதை நினைத்தால்தான் அந்த 374, 366, 407 நம்பரெல்லாம் எனக்கு வெறும் நம்பராகத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் காத்திருக்க வைத்தது பெரிய தப்பு. ஆனால் சாவி இருந்தது.

கிளம்பும்போது காக்கூ டிவியை அணைத்தார். காகா போட்டோ மேல் 2015-ல் போட்டதற்கப்புறம் எத்தனையோ மாலை மாறியிருக்கும். அன்றைக்கு இருந்தது ஜூலை 11-க்குப் போட்டது, காய்ந்திருந்தது. அதைக் கழற்றவில்லை.

"அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டார்.

"திரும்ப எண்ணச் சொல்லியிருப்பார் காக்கூ."

"ஆமா" என்றார். "சாப்பிட்டுட்டுப் போ."

பி.கு.: அந்தப் பீகார் பையனுக்கு இப்போது நாற்பது வயசு ஆகியிருக்கும். அவன் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை காகா அன்றைக்கே கிழித்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.